விடை மட்டும் தப்பாக வருகிறதா? ஜாவாஸ்கிரிப்ட் ஆபரேட்டர் சிக்கல்களை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

சொந்தக்கார அண்ணன் ஒருவரின் மளிகைக் கடைக்கு ஒரு பில் பக்கம் எழுதிக் கொடுத்தேன். இரண்டு சோப்பு வாங்கினால் ஒன்று இலவசம். முதல் நாளே போன் வந்தது. "தம்பி, மூணு சோப்புக்கு இருபத்தொண்ணுன்னு காட்டுதே, ஸ்டாக்கே காலியாயிடும் போலிருக்கு" என்றார். போய்ப் பார்த்தால் கன்சோலில் (பிரவுசர் பிழைகளைக் காட்டும் இடம்) ஒரு சிவப்பு வரிகூட இல்லை. பக்கம் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. 2 + 1 மட்டும் 21 ஆகியிருந்தது.

ஆபரேட்டர், அதாவது +, -, == போன்ற குறிகளின் சிக்கல்கள் பெரும்பாலும் இப்படித்தான் வரும். ஜாவாஸ்கிரிப்ட் "இது முடியாது" என்று நின்றுவிடாது. கொடுத்ததைத் தனக்குத் தெரிந்தபடி மாற்றிக்கொண்டு ஏதோ ஒரு விடையைத் தந்துவிடும். அதனால் விடை தப்பாக வந்தால் குறியை முறைத்துப் பார்ப்பதற்கு முன்னால், அதன் இடப்பக்கமும் வலப்பக்கமும் என்ன வகை மதிப்பு நிற்கிறது என்று பாருங்கள். எண்ணா, ஸ்ட்ரிங்கா (மேற்கோள் குறிக்குள் வரும் எழுத்துத் தொடர்), வெறுமையா? டைப்ஆஃப் ஆபரேட்டரைக் கன்சோலில் மதிப்புக்கு முன்னால் போட்டால் சொல்லிவிடும். (நல், அதாவது "எதுவும் இல்லை" என்ற மதிப்புக்கு மட்டும் அது "ஆப்ஜெக்ட்" என்று தவறாகச் சொல்லும். மொழி பிறந்த காலத்திலிருந்தே இருக்கும் பிழை, இனி யாரும் திருத்தப் போவதில்லை.)

கீழே உள்ள வரிகளில் மாறிகளின் (மதிப்பை வைக்கும் இடங்களின்) பெயர்களைத் தமிழிலேயே வைத்திருக்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட் அதை ஏற்றுக்கொள்ளும். பிரவுசரில் எஃப்12 அழுத்தி, கன்சோலில் ஒவ்வொரு வரியாக ஒட்டிப் பார்க்கலாம். இரட்டைச் சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பது கன்சோல் தரும் விடை; ட்ரூ என்றால் உண்மை, ஃபால்ஸ் என்றால் பொய்.

அறிகுறி: கூட்டினால் எண்கள் ஒட்டிக்கொள்கின்றன

```
அளவு = '2'
இலவசம் = 1
அளவு + இலவசம்    // '21'
அளவு - இலவசம்    // 1
அளவு * 45         // 90
```

மூன்று வரிகளையும் சேர்த்துப் பாருங்கள். கழித்தலும் பெருக்கலும் ஒழுங்காக வருகின்றன, கூட்டல் மட்டும் காலை வாருகிறது. கடையிலும் இதனால்தான் தேட நேரம் பிடித்தது. தொகை சரியாக இருந்ததால் அளவு ஓர் எண்தான் என்று நம்பிவிட்டேன்.

+ குறிக்கு இரண்டு வேலை: எண்களைக் கூட்டும், ஸ்ட்ரிங்குகளை ஒட்டும். இரு பக்கத்தில் ஒன்று ஸ்ட்ரிங்காக இருந்தாலே ஒட்டும் வேலைக்குப் போய்விடும். - குறிக்கும் * குறிக்கும் ஒட்டத் தெரியாது. அதனால் அவை ஸ்ட்ரிங்கை எண்ணாக மாற்றிக்கொள்கின்றன. இன்புட் பெட்டியிலிருந்து வரும் மதிப்பு எப்போதும் ஸ்ட்ரிங்தான். பெட்டியின் வகையை நம்பர் என்று வைத்திருந்தாலும் அப்படித்தான்.

தீர்வு, மதிப்பு உள்ளே நுழையும் இடத்திலேயே மாற்றிவிடுவது. ஒற்றை + குறியை முன்னால் போட்டால் போதும்:

```
+அளவு + இலவசம்    // 3
```

கூட்டும் இடத்தில் மாற்றாதீர்கள். பெட்டியிலிருந்து எடுத்த வரியில் மாற்றுங்கள். கூட்டும் இடங்கள் பத்து இருக்கும், ஒன்றில் மறப்பீர்கள்.

இதே நோய் இன்னொரு உருவத்திலும் வரும்:

```
'மொத்தம்: ' + 100 + 50      // 'மொத்தம்: 10050'
100 + 50 + ' ரூபாய்'         // '150 ரூபாய்'
'மொத்தம்: ' + (100 + 50)    // 'மொத்தம்: 150'
```

கூட்டல் இடமிருந்து வலமாக நடக்கிறது. முதல் வரியில் ஸ்ட்ரிங் முதலிலேயே வந்துவிட்டதால் அதற்குப் பின்னால் வந்த எல்லாம் ஒட்டிக்கொண்டன. கணக்கை அடைப்புக்குள் போடுங்கள், அல்லது தனி மாறியில் முடித்துவிட்டு ஒட்டுங்கள்.

அறிகுறி: தொகை இருக்க வேண்டிய இடத்தில் "நான்" நிற்கிறது

நாட்-எ-நம்பர், அதாவது "எண் இல்லை" என்பதன் சுருக்கம். இருட்டில் யாரது என்று கேட்டால் "நான்தான்" என்கிற மாதிரி, எந்த எண் என்று கேட்டால் இது "நான்" என்கிறது. அதற்கு மேல் ஒரு தகவலும் கிடையாது.

```
'மொத்தம்: ' + 100 - 10    // நான்
+'1,250'                   // நான்
+'ரூ100'                   // நான்
+''                        // 0
```

முதல் வரியில் + ஒட்டி 'மொத்தம்: 100' ஆக்கியது, அதிலிருந்து 10ஐக் கழிக்கச் சொன்னோம். இரண்டாவது நம் ஊர்ப் பழக்கம். ஆயிரத்துக்குக் காற்புள்ளி போட்டுத்தான் எழுதுவோம். அந்தக் காற்புள்ளியை நீக்கிவிட்டுத்தான் எண்ணாக மாற்ற வேண்டும். இங்கே ஸ்ட்ரிங்கை முழு எண்ணாக்கும் பார்ஸ்இன்ட்டுக்கு ஓடுகிறவர்கள் உண்டு. அது '1,250' என்பதைக் காற்புள்ளி வரை மட்டும் படித்துவிட்டு 1 என்று தரும். நான் வந்தால் தப்பு கண்ணில் படும், 1 வந்தால் 1,250 ரூபாய்ப் பொருள் ஒரு ரூபாய்க்குப் போகும்.

கடைசி வரியைக் கவனியுங்கள். காலிப் பெட்டி 0 ஆகிவிடுகிறது. யாரும் விலை போடாத பொருள் இலவசமாகப் போக இதுவே காரணம். மாற்றுவதற்கு முன் காலியா என்று தனியே பாருங்கள்.

நான் எங்கே பிறந்தது என்று தேடும்போது, அது தெரியும் இடத்தில் தேடிப் பயனில்லை. அது தொற்றிக்கொள்ளும். ஒரு பொருளின் விலையில் வந்தால் வரி, மொத்தம், பாக்கி எல்லாவற்றிலும் பரவும். கணக்கின் தொடக்கத்திலிருந்து வாருங்கள். இன்னொன்று, அதைச் சமக்குறியால் பிடிக்க முடியாது. நான் தனக்குத் தானே சமமில்லை. சோதிப்பதற்கென்று இஸ்நான் என்ற செயற்கூறு இருக்கிறது.

அறிகுறி: ஒவ்வொன்றாகச் சேர்த்தாலும் மொத்தம் கடைசிப் பொருளின் விலையாகவே இருக்கிறது

```
மொத்தம் = 100
மொத்தம் =+ 250    // 250
மொத்தம் += 250    // 500
```

குறிகள் இடம் மாறிவிட்டன. =+ என்பது "வலப்பக்கத்தை எண்ணாக்கி மொத்தத்தில் வை" என்று சரியான வாக்கியமாகவே படிக்கப்படும், எனவே பிழை எதுவும் வராது. வேகமாக அடிக்கும்போது வருகிற தவறு.

அறிகுறி: நிபந்தனை எப்போதும் உண்மை என்றே வருகிறது

மூன்று சந்தேக நபர்கள். முதலாவது, ஒற்றைச் சமக்குறி (? குறிக்கு முன்னால் இருப்பது உண்மையானால் : குறிக்கு முன்னுள்ளது விடை, இல்லையேல் பின்னுள்ளது):

```
வகை = 'ரொக்கம்'
வகை = 'கடன்' ? 'பாக்கியில் எழுது' : 'பணம் வாங்கு'
// 'பாக்கியில் எழுது'
```

ஒப்பிடப் போன இடத்தில் மதிப்பை மாற்றி வைத்துவிட்டீர்கள். விடை தப்பானதோடு போகவில்லை. இப்போது வகையில் 'ரொக்கம்' போய், 'பாக்கியில் எழுது' உட்கார்ந்திருக்கிறது.

இரண்டாவது, பேசுகிற மாதிரியே எழுதுவது. பதில் ஆம் அல்லது சரி என்று இருந்தால் என்பதை இப்படி எழுதுவார்கள்:

```
பதில் = 'வேண்டாம்'
பதில் === 'ஆம்' || 'சரி'    // 'சரி'
```

வலப்பக்கத்தில் தனியாக நிற்கும் 'சரி' வெறும் ஸ்ட்ரிங். காலியில்லாத ஸ்ட்ரிங் எதுவும் உண்மையாகவே எடுத்துக்கொள்ளப்படும். ஒப்பீட்டை இரண்டு பக்கமும் முழுதாக எழுத வேண்டும்.

மூன்றாவது, பள்ளிக் கணக்கு நோட்டிலிருந்து வருவது:

```
வயது = 75
18 < வயது < 60    // ட்ரூ
```

18 < 75 உண்மை. அந்த உண்மை 1 ஆக மாறி, 1 < 60 ஆகிறது. அதுவும் உண்மை. வயது 5 என்றாலும் பொய் 0 ஆகி, 0 < 60 என்று உண்மையே வரும். இரண்டு ஒப்பீடுகளையும் பிரித்து நடுவில் && (மற்றும்) போடுங்கள்.

அறிகுறி: சமமில்லாதது சமம் என்கிறது, சமமானது சமமில்லை என்கிறது

```
0 == ''      // ட்ரூ
0 == '0'     // ட்ரூ
'' == '0'    // ஃபால்ஸ்
```

இரட்டைச் சமக்குறி, வகை வேறாக இருந்தால் மாற்றிப் பார்த்து ஒப்பிடும். 1995இல் பிரவுசர் நிறுவனமான நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்து நாளில் முதல் வடிவத்தை எழுதிய மொழி இது; தொடக்க காலத்திலிருந்தே இந்தத் தாராள குணம் கூடவே வருகிறது. மாற்றாமல் ஒப்பிடும் === 1999இல் வந்த மொழித் தரத்தின் மூன்றாம் பதிப்பில்தான் தரத்துக்குள் வந்தது. அதற்குள் இருந்த பக்கங்கள் உடைந்துவிடக் கூடாதே என்று பழையதும் இருக்கிறது. என் வரிகளில் === தவிர வேறு வராது. ஒரே விதிவிலக்கு, நல், அன்டிஃபைண்ட் (மதிப்பே வைக்கப்படாதது) இரண்டையும் ஒரே அடியில் பிடிக்க வேண்டிய இடம்; அங்கே மட்டும் ==.

=== போட்டும் சமமில்லை என்று வந்தால்? தமிழில் எழுதுகிறவர்களுக்கு வரக்கூடிய ஒரு காரணம் இருக்கிறது:

```
'க' + 'ே' + 'ா' === 'கோ'    // ஃபால்ஸ்
```

திரையில் இரண்டும் 'கோ' என்றே தெரியும். யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே எழுத்தாகவும் சேமிக்கலாம், ஏகாரக் கொம்பும் காலும் என இரண்டாகவும் சேமிக்கலாம். எந்த விசைப்பலகையில் அடித்தார்கள், எங்கிருந்து ஒட்டினார்கள் என்பதைப் பொறுத்தது. ஒகரம், ஔகாரம் இரண்டிலும் இதே கதை. 'கோவை' என்று தேடினால் கண்முன்னே இருக்கும் 'கோவை' கிடைக்காது. ஒப்பிடுவதற்கு முன் இரு பக்கத்தையும் நார்மலைஸ் என்ற மெத்தட் வழியாக அனுப்பினால் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். ஔவை என்பதை ஒகரமும் ளகரமும் போட்டு 'ஒளவை' என்று அடித்திருந்தால் மட்டும் அதனாலும் முடியாது. அது வேறு எழுத்து, கையால்தான் திருத்த வேண்டும். வால்பக்கம் ஒட்டிய இடைவெளியையும் ட்ரிம் போட்டு நீக்கிவிடுங்கள்.

அறிகுறி: வரிசை குலைந்து வருகிறது

```
'100' > '25'           // ஃபால்ஸ்
'பன்னீர்' < 'பயறு'      // ட்ரூ
```

முதலாவது பழைய கதைதான். இரண்டும் ஸ்ட்ரிங் என்பதால் முதல் எழுத்தான 1, 2 ஆகியவற்றை ஒப்பிட்டு முடித்துவிட்டது. எண்ணாக்கினால் சரியாகிவிடும்.

இரண்டாவது வேறு. நம் அகரவரிசையில் ய முன்னால், ன கடைசி மெய். ஆனால் < குறி பார்ப்பது ஒவ்வொரு எழுத்துக்கும் யூனிகோடு கொடுத்த எண்ணை. அங்கே னகரம் நகரத்தை ஒட்டி, பகரத்துக்கு முன்பே உட்கார்ந்திருக்கிறது. றகரம் ரகரத்துக்குப் பக்கத்திலும், ழகரம் வகரத்துக்கு முன்னாலும் இருக்கின்றன. அதனால் பொருள் பட்டியலில் பன்னீர் பயறுக்கு முன்னால் வந்துவிடும். தமிழ்ச் சொற்களை < போட்டு அடுக்காதீர்கள். லோக்கேல்கம்பேர் மெத்தடுக்குத் தமிழின் மொழிக் குறியீட்டைக் கொடுத்து அடுக்குங்கள்.

அறிகுறி: தள்ளுபடி 0 என்று போட்டாலும் 10 கழிகிறது

```
தள்ளுபடி = 0
தள்ளுபடி || 10    // 10
தள்ளுபடி ?? 10    // 0
```

|| குறி "இடப்பக்கம் பொய்யென்றால் வலப்பக்கம்" என்று போகும். அதன் கணக்கில் 0, காலி ஸ்ட்ரிங் எல்லாம் பொய்தான். அரிசிக்குத் தள்ளுபடி கிடையாது என்று கவனமாக 0 போட்டு வைத்தவருக்கு இது நியாயமா? 2020 பதிப்பில் வந்த ?? நல், அன்டிஃபைண்ட் இரண்டுக்கு மட்டுமே வலப்பக்கம் போகும். இயல்பு மதிப்பு கொடுக்கும் இடத்திலெல்லாம் இதையே போடலாம். || உடன் கலந்து எழுதினால் அடைப்பு கட்டாயம், இல்லாவிட்டால் இலக்கணப் பிழை என்று நின்றுவிடும். நிற்பது நல்லதுதான்.

அறிகுறி: பைசாவில் வால் முளைக்கிறது

```
0.1 + 0.2              // 0.30000000000000004
19.99 * 100            // 1998.9999999999998
0.1 + 0.2 === 0.3      // ஃபால்ஸ்
```

இது ஆபரேட்டரின் குற்றமில்லை. ஜாவாஸ்கிரிப்ட் எண்களை ஐஇஇஇ 754 என்ற பொதுத் தர முறையில் இரும எண்ணாக (0, 1 மட்டும் கொண்டு) வைக்கிறது. மூன்றில் ஒன்றைப் பத்தடிமானத்தில் எழுதினால் 0.333 என்று முடியாமல் போகிறதே, அதுபோலப் பத்தில் ஒன்று இரும எண்ணில் முடிவதில்லை. இரண்டு இரண்டாகப் பிளந்து வரும் பின்னங்கள் மட்டும் துல்லியமாக நிற்கும். நம் பழைய அளவைகளில் அரை, கால், முக்கால், அரைக்கால், மாகாணி எல்லாம் சரியாக நிற்கும். இருபதில் ஒன்றான மா நிற்காது.

பணத்தைப் பைசாவாக, முழு எண்ணாக வைத்துக் கணக்குப் போடுங்கள். காட்டும்போது மட்டும் நூறால் வகுங்கள். ரூபாயாக வந்த மதிப்பைப் பைசாவாக்கும்போது ரவுண்ட் போடாமல் விட்டால் மேலே பார்த்த 1998.99 உள்ளே வந்துவிடும். காட்டுவதற்கு டுஃபிக்ஸ்டு போட்டால் இரண்டு தசமத்தில் அழகாக வரும், ஆனால் அது தருவது ஸ்ட்ரிங். அதை எடுத்து இன்னொன்றோடு கூட்டினால் முதல் அறிகுறிக்கே திரும்பி வருவீர்கள். நான் வந்திருக்கிறேன்.

அறிகுறி: வரி, வாரநாள், பரப்பளவு எதுவும் பொருந்தவில்லை

% குறியைச் சதவீதம் என்று நினைத்துவிடுகிறோம். அது மீதி:

```
500 % 18          // 14
500 * 18 / 100    // 90
```

18 சதவீத ஜிஎஸ்டிக்கு 90 ரூபாய் வர வேண்டிய இடத்தில் 14 வந்தால் இதுதான். எதிர்ம எண்ணுக்கு மீதியும் எதிர்மமாகவே வரும். -1 % 7 என்பதன் விடை 6 இல்லை, -1. நாள்காட்டியில் பின்னோக்கிப் போகிறவர்கள் 7ஐக் கூட்டி மறுபடி % 7 போட வேண்டும்.

^ அடுக்குக்குறி இல்லை, எண்ணின் பிட்டுகளில் (இரும இலக்கங்களில்) வேலை செய்வது. 5 ^ 2 என்றால் 7 வரும். அடுக்குக்கு ** போடுங்கள்.

அறிகுறி: இரண்டு பில்லுக்கு ஒரே எண்

```
எண் = 41
புதியது = எண்++    // 41
```

++ பின்னால் நின்றால் பழைய மதிப்பைக் கொடுத்துவிட்டு அப்புறம் கூட்டும். கூட்டிய பிறகு வேண்டுமென்றால் ++எண். குழப்பமாக இருந்தால் += 1 என்று தனி வரியில் எழுதுங்கள், யாரும் கேலி செய்ய மாட்டார்கள்.

எந்த அறிகுறியிலும் அடங்கவில்லை என்றால்

வரியைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் கன்சோலில் ஒட்டுங்கள். அதே கடையில் வீட்டுக்கு அனுப்பும் கட்டணம் பில்லில் ஏறவேயில்லை. வரி இது:

```
விலை = 100; அளவு = 2; தள்ளுபடி = 20; டெலிவரி = 30
விலை * அளவு - தள்ளுபடி || 0 + டெலிவரி    // 180
```

210 வர வேண்டும். விலை * அளவு தனியாக 200, சரி. தள்ளுபடி || 0 தனியாக 20, அதுவும் சரி. 0 + டெலிவரி 30. துண்டுகள் மூன்றும் சரியாக இருந்தால் அவற்றைச் சேர்க்கும் முன்னுரிமைதான் தப்பு. கூட்டல், கழித்தல் எல்லாம் முடிந்த பிறகுதான் || பார்க்கும். ஆகவே இடப்பக்கம் 180, வலப்பக்கம் 30. 180 பொய்யில்லை என்பதால் அங்கேயே நின்றுவிட்டது, டெலிவரியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

```
விலை * அளவு - (தள்ளுபடி ?? 0) + டெலிவரி    // 210
```

அடைப்பு போட்ட அன்றே அண்ணனிடமிருந்து போன். "தம்பி, இன்னிக்கு முப்பது ரூபா கூட வருதே, சரிதானா?" சரிதான் என்றேன். இத்தனை நாள் வராமல் போன முப்பதுகளைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.